“நான் பொண்ணு இல்லம்மா” என்று பிள்ளை சொன்னால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பிறந்தபோது பதிவான பாலினம் தனக்குப் பொருந்தவில்லை என்கிற பிள்ளைகளை வைத்து லண்டனிலும் வாஷிங்டனிலும் நடக்கிற சண்டை, மருத்துவர்கள் அவசரப்பட்டு மருந்து கொடுத்துவிடுகிறார்களா என்பதைப் பற்றியது. அரூரிலோ அஞ்செட்டியிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. அவசரப்படுவதற்கு முதலில் மருத்துவர் கிடைக்க வேண்டுமே! இங்கே ஆபத்து வேறு வழியாக வருகிறது. மார்பு வளரும் என்று மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய கருத்தடை மாத்திரை, பத்தாவது முடிந்ததும் பேசப்படும் கல்யாணம், பேயோட்டக் கூட்டிப்போகும் சொந்தக்காரர். வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு வாதங்களைத் தீர்த்துவைத்த பிறகுதான் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்றில்லை. எது திரும்பப் பெறக்கூடியது, எது திரும்பாதது என்று வரிசைப்படுத்திக்கொண்டால் இன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவுகள் சிலதான்.

முதல் வாரம்

பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டது என்றால் பல மாதம் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கும். உங்களுக்குத்தான் அது புதுச் செய்தி. நம்புகிறேன், நம்பவில்லை என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “சரி, சொல்லு, கேக்குறேன்” என்றால் போதும். பிறகு மூன்று கேள்விகள்: எப்போதிருந்து இப்படித் தோன்றுகிறது, எந்த நேரத்தில் அதிகமாக வதைக்கிறது, செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா. மூன்றாவதைச் சுற்றி வளைக்காமல் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் தெரியாமல் போகும்.

“ஆமாம்” என்று பதில் வந்தால் மற்றதெல்லாம் அப்புறம். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தக்காளித் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் வாங்கி வைத்த பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை அட்டைகளும் அந்தப் பூட்டுக்குள் போகட்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், 104 சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம்.

யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெரியப்பா காதுக்குப் போனால் ஊர்க் காதுக்குப் போன மாதிரிதான். அடுத்த வாரமே “கல்யாணம் கட்டி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்” என்று ஒருவர் ஜாதகத்தோடு வருவார். பெண்ணாகப் பதிவான பிள்ளைக்கு 18, ஆணாகப் பதிவான பிள்ளைக்கு 21 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு அழைப்பு வந்தால் அதிகாரிகள் மண்டபத்துக்கே வருவார்கள். வயது வந்த பிறகும் அது மருந்தாகாது. விவரம் தெரியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் உள்ளே இழுத்துவிடுவதுதான் மிச்சம்.

மந்திரிக்கிறவர், “பத்து சிட்டிங்கில் மாத்திக் காட்டறேன்” என்கிற கவுன்சலர், ஷாக் வைக்கலாம் என்கிற டாக்டர் எல்லாரும் ஒரே வரிசை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எஸ். சுஷ்மா வழக்கில் இவ்வகை ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை விதித்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பதிவு பெற்ற மருத்துவர் செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அதேசமயம், மனச்சோர்வு இருக்கிறதா, பள்ளியில் யாராவது தொல்லை கொடுத்தார்களா, எப்போதிலிருந்து என்று துருவித் துருவிக் கேட்கிற மருத்துவரை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பிள்ளையை அதற்குள் தள்ளுகிறாரா என்பதுதான் உரைகல்.

ஒரு நோட்டு போடுங்கள்

மருத்துவரிடம் போகும்போது “சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்” என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. இரண்டு மூன்று வாரம் குறித்து வையுங்கள். பிள்ளை தானே எழுதினால் இன்னும் நல்லது. உடல் மாறத் தொடங்கியதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா? குளிக்கும்போது, மாதவிடாயின்போது, சீருடை போடும்போது, மீசை அரும்புவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது என்ன நடக்கிறது? மஞ்சள் நீராட்டு நடந்திருந்தால் அந்த நாட்களில் பிள்ளை எப்படி இருந்தது? தூக்கம், சாப்பாடு, மார்க், போனில் கழியும் நேரம். பள்ளியில் கழிப்பறைக்குப் போகிறதா? போகாமலிருக்கக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. சிறுநீர்க் கடுப்பு அடிக்கடி வருகிறதென்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்த நோட்டு எதற்கு என்றால், நோயறிதலே கால அளவைப் பொறுத்தது. மருத்துவர் சீட்டில் ‘ஜெண்டர் டிஸ்போரியா’ (பாலின உளைச்சல்) என்று எழுத, 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின்படி குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும். பதின்ம வயதினருக்கு 6 அறிகுறிகளில் 2, சிறு குழந்தைகளுக்கு 8-ல் 6 இருக்க வேண்டும். அதனால் வேதனையோ அன்றாட வாழ்வில் முடக்கமோ வந்திருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இது மனநோய்ப் பகுதியிலேயே இல்லை. கிராப் வெட்டிக்கொள்வது, கபடிக்குப் போவது, பொட்டு வைத்துப் பார்ப்பது ஆகியவற்றை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்ட முடியாது. தன் பாலினத்தவர் மேல் ஈர்ப்பு வருவதும் வேறு விஷயம். பிள்ளைக்கே இந்த இரண்டும் குழம்பியிருக்கலாம், அவகாசம் கொடுங்கள்.

முதலில் உடலைப் பரிசோதியுங்கள்

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கொடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் பரவலாக உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு வந்தால் வெளிப்படும் நோய்கள் அத்தகைய குடும்பங்களில் கூடுதலாக வரும். அவற்றில் இரண்டு நேரடியாக இங்கே பொருந்துகின்றன. பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கும் நோய் ஒன்று. பெண்ணாக வளர்ந்த பிள்ளைக்கு 12, 13 வயதில் குரல் உடைந்து உடல் ஆணைப்போல் திரள்கிற 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு மற்றொன்று. முன்னதில் சில வகைகள் உப்புச்சத்து குலைந்து உயிருக்கே உலை வைப்பவை.

எனவே பெண் பிள்ளை 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை, குரல் தடிக்கிறது, தாடி முளைக்கிறது, பிறப்புறுப்பு வழக்கத்துக்கு மாறாகத் தெரிகிறது என்றால் மனநலப் பிரிவோடு நிறுத்த வேண்டாம். 17 ஓஎச்பி, எல்எச், எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் ரத்தப் பரிசோதனைகள், குரோமோசோம் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் வேண்டுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இதை “ஆபரேஷன் பண்ணி ஒரு பக்கம் ஆக்கிடலாம்” என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2019 தீர்ப்பைத் தொடர்ந்து, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு (பிறவியிலேயே உடல் ஆண், பெண் என்று தெளிவாக அமையாதவர்களுக்கு) உயிர் காக்கும் அவசியம் இருந்தாலொழிய அத்தகைய அறுவை செய்யக்கூடாது என்று தமிழக அரசு அரசாணை போட்டிருக்கிறது.

மற்றப் பிள்ளைகளுக்கு உடலில் எந்தக் குறையும் இருக்காது. எல்லாம் இயல்பு என்று ரிப்போர்ட் வந்தால் “பாரு, ஒண்ணுமில்ல, நடிக்கிற” என்று திருப்பி அடிக்கக் கூடாது. பாலின உளைச்சலுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது.

எங்கே போவது

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே விசாரித்தால் பஸ் செலவு மிஞ்சும். அடுத்த படிக்குத் தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை கிட்டம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான தனிப் பிரிவு அங்கே உண்டு, இருப்பதும் ஓசூர் ரோட்டிலேயே. ஹார்மோன் சிறப்பு மருத்துவருக்கு வேலூர், பெங்களூரு, சென்னை என்றுதான் போக வேண்டியிருக்கும்.

நோட்டு, பிறப்புச் சான்று, ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், பிள்ளை தானாக ஏதாவது மாத்திரை போட்டிருந்தால் அதன் அட்டை, இவ்வளவும் பையில் இருக்கட்டும். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகக் கால் மணி நேரமாவது பேசட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். மனச்சோர்வு, பதற்றம், ஆட்டிசம், பாலியல் துன்புறுத்தல் எல்லாவற்றையும் அவர் கேட்க வேண்டும். ஆட்டிசம் இந்தப் பிள்ளைகளிடையே மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. துன்புறுத்தல் வெளிவந்தால் போக்சோ சட்டப்படி அவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும், அதில் அவரைக் கோபிக்க ஒன்றுமில்லை. முதல் சந்திப்பிலேயே ஹார்மோன் எழுதித் தருகிறவரும் வேண்டாம், கேலி செய்து அனுப்புகிறவரும் வேண்டாம்.

சண்டை எதைப் பற்றி

வயதுக்கு வராத குழந்தைக்கு எந்த நாட்டு வழிகாட்டியும் மருந்து தரச் சொல்வதில்லை. பேசுவது, பாதுகாப்பது, காத்திருப்பது, அவ்வளவுதான். தகராறு, வயதுக்கு வரத் தொடங்கியதிலிருந்து 18 வரை.

தொடக்கம் ஆம்ஸ்டர்டாம். டச்சு மருத்துவர்கள் 12 வயதில் பருவ மாற்றத்தை நிறுத்தி வைக்கும் பருவத் தடுப்பு ஊசி, 16-ல் எதிர்ப்பாலின ஹார்மோன், 18-ல் அறுவை என்று ஒரு முறையை வகுத்தார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 55 பேர் வளர்ந்த பிறகு மனநலத்தில் மற்ற இளைஞர்களுக்கு இணையாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் சலித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்: சிறு வயதிலிருந்தே உளைச்சல், குடும்ப ஆதரவு, வேறு பெரிய மனநலச் சிக்கல் இல்லை. பிற்பாடு இங்கிலாந்தின் சிறார் பாலினச் சிகிச்சை மையத்தில் வந்து குவிந்தவர்கள் வேறு மாதிரி. பெரும்பாலும் பெண்ணாகப் பிறந்தவர்கள், பதின்ம வயதில் உளைச்சல் தொடங்கியவர்கள், கூடவே மனச்சோர்வோ ஆட்டிசமோ உள்ளவர்கள். பத்தே ஆண்டுகளில் அங்கே வருகை ஆண்டுக்குச் சுமார் 250-லிருந்து 5,000-ஐத் தாண்டியது. ஒரு கூட்டத்துக்குப் பலித்தது இன்னொரு கூட்டத்துக்கும் பலிக்குமா என்பதே மையக் கேள்வி.

இங்கிலாந்து அரசு மருத்துவத் துறைக்காகக் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் தந்த அறிக்கை, ஆதாரம் பலவீனமானது என்றது. அதற்காக யார்க் பல்கலைக்கழகம் பருவத் தடுப்பு ஊசி பற்றிய 50 ஆய்வுகளை எடைபோட்டதில் ஒன்றுக்குத்தான் உயர்தரம் என்ற மதிப்பு கிடைத்தது. “மற்றதையெல்லாம் குப்பையில் போட்டார்கள்” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு, நடுத்தர ஆய்வுகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன. அதே 2024-ல் இங்கிலாந்து ஆராய்ச்சிக்கு வெளியே இந்த ஊசியை நிறுத்தியது. பின்லாந்து 2020-லும் ஸ்வீடன் 2022-லும் ஏற்கெனவே கையைச் சுருக்கிக்கொண்டவை. எதிர்ப்பக்கம், உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டியும், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவச் சங்கங்களின் 2025 வழிகாட்டியும், கவனமான மதிப்பீட்டுக்குப் பின் தகுந்த பிள்ளைக்குத் தரலாம் என்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில், சிறாருக்கான இச்சிகிச்சைக்கு டென்னசி மாநிலம் போட்ட தடையை 6-க்கு 3 என்ற கணக்கில் ஏற்றது. ‘தடை போட மாநிலத்துக்கு உரிமை உண்டு’ என்பதே அந்தத் தீர்ப்பு. சிகிச்சை நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் அளக்கவில்லை.

எண்கள் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த வயதினர், எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள். ‘வருந்தியவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு’ என்ற டச்சுக் கணக்கு, 2015 வரை வந்தவர்களில் அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றியது. 13 வயதுப் பிள்ளைக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. லண்டனில் ஊசி போட்ட 44 பேரில் 43 பேர் ஹார்மோனுக்குப் போனார்கள். தேர்வு சரி என்று ஒரு தரப்பும், ஊசியே அடுத்த படிக்குத் தள்ளிவிடுகிறது என்று மறு தரப்பும் இதே எண்ணைக் காட்டுகின்றன. ஒப்பிடக் குழு இல்லாததால் அந்த ஆய்வை வைத்து இரண்டையும் நிரூபிக்க முடியாது. ‘மருந்து தராவிட்டால் பிள்ளை செத்துவிடும்’ என்று பெற்றோரை மிரட்டுவதும் தவறு. இந்தப் பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் அதிகம் என்பது உண்மை. ஹார்மோன் அதைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்றது காஸ் அறிக்கை. ஆதாரம் பலவீனம் என்றால் கெடுதல் நிரூபணமாகிவிட்டது என்றும் பொருளல்ல.

ஊசி என்ன செய்கிறது

பருவத் தடுப்பு ஊசியில் இருப்பது லூப்ரோலைடு அல்லது டிரிப்டோரலின் என்ற மருந்து. லூப்ரோலைடு வழக்கமாக மாதம் 3.75 மி.கி. அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 11.25 மி.கி. மூளை விட்டு விட்டு அனுப்பும் சமிக்ஞையை இது இடைவிடாமல் அனுப்புவதால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி மரத்துப்போய் வேலையை நிறுத்தும். முதல் இரண்டு வாரம் எதிர்மாறாக ஹார்மோன் சற்று ஏறும், ரத்தப்போக்குகூட வரலாம். தெரியாதவர்கள் பயந்து விட்டுவிடுவார்கள்.

“இதைத்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகப் போடுகிறார்களே” என்பது பாதி உண்மை. 8 வயதுக்கு முன் வயதுக்கு வரும் பெண் குழந்தைக்கும் 9-க்கு முன் வரும் ஆண் குழந்தைக்கும் 1980-களிலிருந்து போடுகிறார்கள். அங்கே உரிய வயதில் நிறுத்தினால் உடல் விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே உரிய வயதிலேயே தடுக்கிறோம், பின்னால் பெரும்பாலும் எதிர்ப்பாலின ஹார்மோன் தொடர்கிறது. எலும்பு கெட்டிப்பட வேண்டிய ஆண்டுகளில் அது பின்தங்கும். அதனால் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, உயரம் எல்லாம் தொடர்ந்து பார்க்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உண்டு, களி நம் ஊர்ச் சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள்; ஆனால் பருவ ஹார்மோன் செய்கிற வேலையைக் களி செய்யாது. மிக ஆரம்பத்திலேயே தடுத்து நேராக ஹார்மோனுக்குப் போனால் பிள்ளைப்பேறும் பெரும்பாலும் கைவிட்டுப்போகும். 12 வயதில் அதை எடைபோட முடியுமா என்பதில் மருத்துவர்களே பிரிந்து நிற்கிறார்கள்.

இங்கே நடைமுறையில் சறுக்குவது வேறு இடத்தில். ஊசி ஒன்றே பல ஆயிரம் ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெங்களூரு போய்வர ஒரு நாள் கூலியும் போகும். ஒரு தவணை தள்ளிப்போனால் பருவ மாற்றம் மறுபடி கிளம்பும். பிள்ளைக்கு அது இரட்டை அடி. இரண்டு ஆண்டுச் செலவைத் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

ஹார்மோனில் திரும்பாதவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து பட்டியலிடுங்கள். டெஸ்டோஸ்டிரோனில் குரல் உடைந்தால் மருந்தை நிறுத்தினாலும் மீளாது, தாடியும் பெரும்பாலும் நிற்கும். ஈஸ்ட்ரோஜனில் வளர்ந்த மார்பகம் அறுவையில்லாமல் போகாது. உடைந்த குரல் அதனால் மெலியாது. மாதவிடாய், கொழுப்புப் பங்கீடு, தோல் மென்மை போன்றவை பெரும்பாலும் திரும்பும்.

மெடிக்கல் ஷாப் ஆபத்து

மாலா டி போன்ற மாத்திரையில் 0.03 மி.கி. எத்தினைல் ஈஸ்ட்ரடையால் இருக்கிறது. மார்பு வளரும் என்று அதை நாளுக்கு நான்கு, ஐந்து விழுங்கும் பிள்ளைகள் உண்டு. ரத்தம் உறையும் ஆபத்து இந்த வகை ஈஸ்ட்ரோஜனில் அதிகம் என்பதால்தான் மருத்துவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ அந்த நிமிடமே 108. மாத்திரை விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஜிம்மில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் போலி மருந்து, பகிர்ந்த ஊசி, ரத்தம் தடித்தல் என்று மூன்று கேடு. பெட்டியில் அட்டை சிக்கினால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த அட்டை வீட்டுக்கு வெளியே ஒளியும்.

வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைக்கு மருத்துவமனைக்கு வெளியே ‘நிர்வாணம்’ (ஆணுறுப்பை அகற்றுவது) செய்துவிடும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. ரத்தப்போக்கிலும் சீழ்பிடித்தும் உயிர் போகும். பிள்ளை வீட்டில் தங்குவதே அதற்குப் பெரிய தடுப்பு.

மருந்தில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை

மார்பைக் கிரேப் பேண்டேஜால் இறுக்குவது வேண்டாம். மூச்சும் விலா எலும்பும் பாதிக்கும். இறுக்கமான விளையாட்டு உள்ளாடை போதும், நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது அறவே கூடாது. மாதவிடாய்தான் பெரிய வதை என்றால் அதை மட்டும் நிறுத்தி வைக்கப் புரோஜெஸ்டின் மாத்திரை உண்டு. திருவிழாவுக்குத் தள்ளிப்போட வாங்குகிற நோரெத்திஸ்டெரோன் அந்த வகைதான். நிறுத்தினால் மாதவிடாய் திரும்பிவிடும் என்பதால் இதில் சர்ச்சை குறைவு. ஆனால் மாதக்கணக்கில் போட மகப்பேறு மருத்துவர் எழுத வேண்டும், நீங்களாக வாங்கக் கூடாது.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சிறியவை: ஆசிரியர் கழிப்பறையின் சாவி, வருகைப் பதிவின்போது முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வது, சீருடையில் சற்று விலக்கு. 2019-ல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்கிறது; நீதிமன்ற உத்தரவில்லாமல் இந்தக் காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது அதன் 12-ம் பிரிவு. திருநர் அடையாளச் சான்று பற்றிய அப்போதைய விதிமுறையை ஆட்சியர் அலுவலகத்தில், சமூக நலப் பிரிவில் கேட்டு அறியுங்கள். மனநல ஆலோசனைக்கு அந்தச் சான்று தேவையில்லை.

பதினெட்டு நெருங்கும்போது

18-க்குள் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து பெற்றோருடையது. ஆனாலும் பிள்ளையின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். 18 ஆனதும் முடிவு முழுக்க அவர்களுடையது. நீங்கள் வேண்டாம் என்றாலும் அது நடக்கும், வேண்டும் என்றாலும் அவர்கள் மறுக்கலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் பாலின மாற்று அறுவை அரசுச் செலவில் நடக்கிறது. ஹார்மோன் தொடங்கும் முன் விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பைப் பற்றி ஒருமுறை பேசிவிடுங்கள். சேமிப்பு இலவசமல்ல, பின்னால் யோசித்தால் வழியும் குறுகும். நோட்டு, மனநல மருத்துவரின் கடிதங்கள், பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள், எலும்பு ஸ்கேன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் போட்டு, மூல ஃபைலைப் பிள்ளையிடமே கொடுங்கள். சென்னையில் புது மருத்துவர் முதலில் கேட்பது, எப்போது தொடங்கியது, யார் பார்த்தார்கள், என்ன மருந்து போட்டீர்கள் என்பதைத்தான்.